கோபக்கார ஜோ டால்டன் கற்றுத்தரும் பாடம்

வேத பகுதி: நீதிமொழிகள் 16:32, எபேசியர் 4:26,27, யாக்கோபு 1:19,20



இந்த மாதம் நாம் தியானிக்கப்போகிற மனுஷன் வேதாகமத்தில் இல்லாதவன். சொல்லப்போனால் அவன் மனுஷனே அல்ல, படக்கதையில் வருகிற ஒரு பொம்மை. அதுவும் வில்லன்! பெயர் ஜோ டால்டன். நம்ம சிவகாசியில் அச்சாகி தமிழ்நாடு முழுக்கப் போகிற லயன் காமிக்ஸில் லக்கி லூக் கதை படித்தவர்களுக்கு இவனை நன்றாகவே தெரியும்.

"பாஸ்டர், சபைப் பத்திரிகையில் படக்கதையா? அதிலும் கொள்ளைக்காரனைப் பற்றியா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாருங்கள், சாலொமோன் சோம்பேறியை எங்கே படிக்க அனுப்பினார்? எறும்பினிடத்தில் (நீதி. 6:6). நம் ஆண்டவர் லூக்கா 16-ம் அதிகாரத்தில் யாரை உதாரணமாக எடுத்தார்? எஜமானை ஏமாற்றிய உக்கிராணக்காரனை. அவன் செய்த அநீதியை ஆண்டவர் நியாயப்படுத்தவில்லை; ஆனால் அவனிடத்திலும் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு என்று காட்டினார். அப்படியே நாமும் இந்தக் கோபக்காரனிடத்தில் தள்ளவேண்டியதையும் கொள்ளவேண்டியதையும் பார்ப்போம்.

யார் இந்த ஜோ டால்டன்?

1972-ல் முத்து காமிக்ஸும், 1984-ல் லயன் காமிக்ஸும் சிவகாசியில் தொடங்கின. தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அடிக்கிற ஊரில் படக்கதையும் அச்சானது. பெல்ஜியம் தேசத்து ஓவியர் மோரிஸ் 1946-ல் உருவாக்கிய லக்கி லூக் என்ற குதிரைவீரன் அப்படித்தான் தமிழ் பேச ஆரம்பித்தான். லக்கி லூக் தன் நிழலைவிட வேகமாகச் சுடுகிறவன் என்று பெயர் வாங்கியவன்.

அவனுக்கு எதிரிகள் நான்கு டால்டன் சகோதரர்கள்: ஜோ, வில்லியம், ஜாக், ஆவ்ரெல். வரிசையாக நின்றால் ஏணிப்படி மாதிரி இருப்பார்கள். எல்லாரிலும் குள்ளன் ஜோ. அவன்தான் தலைவன், அவனுக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம். எல்லாரிலும் நெட்டை ஆவ்ரெல். பாவம், விவரம் தெரியாதவன், எப்போதும் சாப்பாட்டு நினைப்பு. ஜோவிடம் அதிகமாகத் திட்டும் உதையும் வாங்குகிறவன் இவன்தான்.

கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். சிறையிலிருந்து தப்புவார்கள், கொள்ளையடிப்பார்கள், லக்கி லூக் பிடிப்பான், கடைசியில் பழையபடி சிறை. சிறுபிள்ளைகளுக்கு இது சிரிப்பு. எனக்கும் ஒரு காலத்தில் சிரிப்பாகத்தான் இருந்தது.

என் வீட்டில் நடந்தது

நான் வார நாட்களில் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். ஞாயிற்றுக்கிழமை சபை ஊழியம். ஒரு சனிக்கிழமை ராத்திரி மறுநாள் செய்திக்கு ஆயத்தம் பண்ணிக்கொண்டிருந்தேன். செய்தியின் தலைப்பு என்ன தெரியுமா? ஆவியின் கனியாகிய நீடிய பொறுமை! பக்கத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கிற என் மகன் ஒரு படக்கதையை வைத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தான். ஒருதரம் சொன்னேன். இரண்டாந்தரமும் சிரித்தான். எழுந்துபோய்ப் புத்தகத்தைப் பிடுங்கி, நாலாய்க் கிழித்து, வாசலில் எறிந்தேன். அவன் அழவில்லை, ஒன்றும் பேசவுமில்லை. என் மனைவி மாத்திரம், "என்னங்க, நாளைக்கு என்ன பிரசங்கம்?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விடியற்காலம் நாலரை மணிக்கு ஜெபிக்க எழுந்தேன். மேஜைமேல் அந்தப் புத்தகம் இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாகப் பையன் பொறுக்கி எடுத்து செல்லோ டேப் போட்டு ஒட்டியிருக்கிறான். ஒட்டின பக்கத்தைத் திறந்தேன். ஜோ டால்டன் பல்லைக் கடித்துக்கொண்டு, முஷ்டியை முறுக்கிக்கொண்டு குதிக்கிறான். எதிரே ஆவ்ரெல் விழித்துக்கொண்டு நிற்கிறான். பிரியமானவர்களே, அந்தப் பக்கம் எனக்கு முகம் பார்க்கிற கண்ணாடியாக இருந்தது. ராத்திரி என் மகன் அப்படித்தான் விழித்துக்கொண்டு நின்றான்.

அந்த அதிகாலையில் ஆவியானவர் எனக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறேன்.

தள்ளவேண்டிய பாடங்கள்

1. ஒரு பெயர் அவனை ஆண்டது.

ஜோவுக்கு முன்னால் யாராவது "லக்கி லூக்" என்று சொல்லிவிட்டால் போதும், சுவரை உதைப்பான், தரையில் குதிப்பான். எதிரி அங்கே இல்லவே இல்லை. பெயர் மட்டுந்தான் இருக்கிறது. அந்தப் பெயரே அவனுக்கு எஜமான்!

எஸ்தரின் புஸ்தகத்தில் ஆமானைப் பாருங்கள். பணம் இருந்தது, பதவி இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், ராஜாத்தியின் விருந்துக்கு அழைப்பும் இருந்தது. ஆனாலும் அரமனை வாசலில் எழுந்திருக்காத ஒரு மொர்தெகாயைக் கண்டவுடன் இதெல்லாம் தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டான் (எஸ்தர் 5:11-13). கடைசியில் மொர்தெகாய்க்காக அவன் நாட்டின மரத்திலேயே அவன் தூக்கப்பட்டான்.

தேவ பிள்ளையே, எந்தப் பெயரைக் கேட்டால் உனக்குள் கொதிக்கிறது? நாத்தனார் பெயரா? வாங்கின பணத்தைத் திருப்பித் தராதவன் பெயரா? உன் சபையைவிட்டுப் பிரிந்துபோய் அடுத்த தெருவில் சபை ஆரம்பித்த ஊழியக்காரன் பெயரா? அந்தப் பெயர் உன்னை ஆளுகிறவரைக்கும் நீ விடுதலையானவன் அல்ல.

2. கோபம் அவன் திட்டத்தையே கெடுத்தது.

ஜோ முட்டாள் அல்ல. நால்வரிலும் திட்டம் போடுகிற மூளை அவனுடையதுதான். ஆனால் கோபம் வந்த நிமிஷத்தில் மூளை வேலை செய்யாது; கத்துவான், ஆத்திரத்தில் அவசரப்படுவான், மாட்டிக்கொள்ளுவான்.

இதைக் கேட்டுச் சிரிக்காதிருங்கள். பூமியிலுள்ள மனுஷரில் மிகுந்த சாந்தகுணமுள்ளவர் என்று வேதம் சாட்சி சொல்லுகிற மோசேயே ஒரு நாள் பொறுமையிழந்தார். கன்மலையைப் பார்த்துப் பேசச் சொன்னார் கர்த்தர், மோசே ஜனங்களைக் கடிந்துகொண்டு கோலால் இரண்டுதரம் அடித்தார் (எண். 20:7-12). தண்ணீர் வந்தது. ஆனால் நாற்பது வருஷம் நடந்து வந்தவர் கானானுக்குள் போகமுடியவில்லை. கோபத்தில் செய்தாலும் சிலசமயம் காரியம் நடந்துவிடும். தண்ணீர் வந்துவிட்டதே என்று நாம் நினைத்துக்கொள்ளுகிறோம். இழந்தது எது என்று பிறகுதான் தெரியும்.

3. கூட இருக்கிறவர்களை நடுங்க வைத்தது.

ஜோவின் கோபம் லக்கி லூக்கை ஒருநாளும் தொட்டதில்லை. அடி வாங்கினது எல்லாம் சொந்தத் தம்பி ஆவ்ரெல்தான். கோபத்துக்கு எப்போதும் பக்கத்தில் இருக்கிறவன்தான் அகப்படுவான். மேலதிகாரியிடம் கோபம், மனைவிமேல் விழும். கடன்காரனிடம் கோபம், பிள்ளைமேல் விழும்.

சில வருஷங்களுக்கு முன்பு தீபாவளி ஆர்டர் நேரம். சரக்கு போகவில்லை என்று மேலே இருந்து நெருக்கம். நான் மருந்து செலுத்துகிற அறை வாசலில் நின்று சத்தம் போட்டேன். வேலை முடிந்த பிறகு, வயதில் மூத்த ஒரு அம்மா என்னிடம் வந்து தணிந்த குரலில் சொன்னார்கள்: "ஐயா, நீங்க சத்தம் போட்டா கை நடுங்குது. நடுங்குற கையோட எப்படிய்யா மருந்து செலுத்த?"

நம்ம பகுதி ஜனங்களுக்கு இந்தக் கேள்வியின் பாரம் தெரியும். 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டுபோனார்கள். 2021 பிப்ரவரி 12-ம் தேதி சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் நடந்ததையும் நாம் மறக்கவில்லை. உராய்வு ஒன்று போதும், தட்டு கைதவறி விழுந்தால் போதும். என் கோபத்தினால் ஒரு தாயின் கை நடுங்கி, அந்த அறையில் ஏதாவது ஆகியிருந்தால்? அன்றைக்கு நான் அந்த அம்மாவிடம், "சரிம்மா, போங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. இதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

வீடும் ஒரு மருந்தறைதான். பிதாக்களே, பிள்ளைகளைக் கோபமூட்டவேண்டாம் என்று பவுல் எபேசியர் 6:4-ல் நமக்குத்தான் எழுதினார்.

கொள்ளவேண்டிய பாடங்கள்

1. ஜோ சோர்ந்துபோவதில்லை.

எத்தனைதரம் பிடிபட்டாலும் மறுநாளே தப்புகிற வழி தேடுவான். கெட்ட காரியத்துக்கு இவ்வளவு விடாமுயற்சி என்றால், நல்ல காரியத்துக்கு நமக்கு எவ்வளவு வேண்டும்! மூன்று நாள் உபவாசம் இருந்து நாலாம் நாள் பதில் வராவிட்டால் சோர்ந்துவிடுகிறோம். சோர்ந்துபோகாமல் ஜெபிக்கவேண்டும் என்பதற்காகவே ஆண்டவர் ஒரு விதவையின் உவமையைச் சொன்னார் (லூக்கா 18:1-8). நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் எழுந்திருப்பான் என்பது நீதிமொழிகள் 24:16-ன் கருத்து. கோபத்தில் விழுந்துவிட்டாயா? எழுந்திரு. "என் சுபாவமே இப்படித்தான் பிரதர்" என்று படுத்துவிடாதே.

2. ஜோ தம்பிகளை விட்டுப் போவதில்லை.

திட்டுவான், உதைப்பான், ஆனாலும் நால்வரும் சேர்ந்தேதான் திரிவார்கள். இன்றைக்கு ஒரு கமிட்டிக் கூட்டத்தில் பேச்சு முற்றினால் சபை இரண்டாகிறது. அண்ணன் தம்பி வேலித் தகராறில் பத்து வருஷம் முகம் பார்ப்பதில்லை. கொள்ளைக்காரனுக்கு இருக்கிற ஒட்டுதல் விசுவாசிக்கு இல்லையே!

3. ஜோவுக்குள் அனல் இருக்கிறது.

அனல் இருப்பது பாவம் அல்ல. அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதே கேள்வி. யாக்கோபுக்கும் யோவானுக்கும் இடிமுழக்க மக்கள் என்று ஆண்டவரே பெயர் வைத்தார் (மாற்கு 3:17). சமாரியர் இடங்கொடுக்கவில்லை என்றதும் வானத்திலிருந்து அக்கினி இறங்கட்டுமா என்று கேட்ட ஆட்கள் இவர்கள் (லூக்கா 9:54). அந்த யோவானை ஆண்டவர் தள்ளிவிடவில்லை. அன்பைப் பற்றி நிருபம் எழுதுகிற அப்போஸ்தலனாக மாற்றினார். புஸ்வாணத்தில் அடைத்தால் மருந்து பூவாய்ப் பூக்கும். தரையில் சிந்திக் கிடந்தால் ஆளைக் கருக்கிவிடும். ஆவியானவரின் கையில் கொடுக்கப்பட்ட அனல் எழுப்புதலாய் மாறும், அல்லேலூயா!

சுரங்கமா, மன்னிப்பா?

இந்தப் பாடத்தின் இருதயம் இங்கேதான் இருக்கிறது. கவனமாய் வாசியுங்கள்.

டால்டன் சகோதரர்கள் என்று நிஜமாகவே அமெரிக்காவில் இருந்தார்கள். அவர்களில் சிலர் முதலில் சட்டத்தைக் காக்கிற காவல் வேலையில் இருந்தவர்கள், பிறகு கொள்ளையரானார்கள். 1892 அக்டோபர் 5-ம் தேதி கான்சஸ் மாகாணத்தில் காஃபிவில் என்ற ஊரில் ஒரே நேரத்தில் இரண்டு வங்கிகளைக் கொள்ளையடிக்க ஐந்து பேராய்ப் போனார்கள். ஜனங்கள் அடையாளம் கண்டுகொண்டு ஆயுதம் எடுத்தார்கள். கொள்ளையரில் நான்கு பேர், ஊர்க்காரரில் நான்கு பேர் மாண்டார்கள். மூன்று டால்டன்களில் பாப், கிராட் என்ற இருவரும் விழுந்தார்கள். 21 வயதான எம்மெட் டால்டன் மாத்திரம் உடம்பெல்லாம் குண்டுக்காயங்களோடு பிழைத்தான்.

எம்மெட்டுக்கு ஆயுள் தண்டனை. ஆனால் 1907-ல் அவனுக்கு மன்னிப்பு அளிக்கப்பட்டது. வெளியே வந்தான். திரும்பக் கொள்ளைக்குப் போகவில்லை. கல்யாணம் பண்ணி, தொழில் செய்து, குற்ற வாழ்க்கை வீண் என்று எடுத்துச் சொல்லி, 1937-ல் மரித்தான்.

படக்கதையின் ஜோவையும் இந்த எம்மெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜோ சுரங்கம் தோண்டி வெளியே வருகிறான். ஒவ்வொருதரமும் திரும்ப உள்ளே போகிறான். எம்மெட் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தான். திரும்ப உள்ளே போகவில்லை!

என் கோபத்திலிருந்து தப்ப நானும் எத்தனையோ சுரங்கம் தோண்டியிருக்கிறேன். ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொன்னார்கள். எண்ணினேன், பதினொன்றில் வெடித்தேன். தண்ணீர் குடித்தேன், மௌனமாய் இருந்து பார்த்தேன், புது வருஷ ஆராதனையில் தீர்மானமும் எடுத்தேன். இவைகள் தப்பு என்று சொல்லவில்லை. சிறிது நேரத்துக்கு உதவும். ஆனால் கொஞ்ச நாளில் அதே சிறையில் இருப்பேன். ஏன்? நான் ஒருநாளும் மன்னிப்பு வழியாக வெளியே வரவில்லை. தேவனிடத்தில் இரகசியமாய் அறிக்கை செய்வேன். நான் காயப்படுத்தினவரிடம் போகமாட்டேன். காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடே ஒப்புரவாகச் சொன்னார் ஆண்டவர் (மத்தேயு 5:23,24). நானோ காணிக்கைப் பையை நீட்டிக்கொண்டு முன்னால் நின்றவன்!

மீந்த மருந்தை ராத்திரி வைக்காதே

பட்டாசு வேலையில் ஒரு சட்டம் உண்டு. மருந்தை வெயில் ஏறுமுன் காலையிலே கலக்கவேண்டும். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டுமே கலக்கவேண்டும். மீந்த மருந்தை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகவே கூடாது. அன்றே பத்திரமாய் அழித்துவிடவேண்டும். ராத்திரியில் ஈரம் ஏறினால் அலுமினிய பவுடர் கலந்த மருந்து தனக்குள்ளேயே சூடேறும். யாரும் தீ வைக்கவேண்டாம். காலையில் கதவைத் திறக்கிறவன் எடுத்தவுடனே வெடிக்கும்.

சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னே கோபம் தீர்ந்துபோகவேண்டும், பிசாசுக்கு இடங்கொடுக்கக் கூடாது என்று எபேசியர் 4:26,27-ல் வாசிக்கிறோமே, அது இதுதான். கோபம் வந்ததே பாவம் என்று பவுல் சொல்லவில்லை. மீந்ததைப் பூட்டிவைத்துப் படுக்கப்போவதுதான் ஆபத்து. நேற்றைய கோபத்தோடு காலையில் எழுந்திருக்கிற வீட்டில் காபியில் சர்க்கரை குறைந்தாலே வெடிக்கும். அது சர்க்கரைக்காக வந்த கோபம் அல்ல, ராத்திரி மீந்தது!

லக்கி லூக்கிடமும் ஒன்று கற்றுக்கொள்ளலாம். துப்பாக்கி எடுப்பதில் அவ்வளவு வேகமானவன், கோபப்படுவதில் அவ்வளவு வேகம் காட்டுவதில்லை. காது முந்தட்டும், வாய் பிந்தட்டும், கோபம் எல்லாவற்றுக்கும் கடைசியில் வரட்டும் என்பதே யாக்கோபு 1:19-ன் சாரம்.

அந்த ஞாயிறு காலையில் நான் மகனை எழுப்பினேன். "தம்பி, நேத்து அப்பா பண்ணது தப்பு. புத்தகத்தைக் கிழிச்சதும் தப்பு, உன்னைப் பயமுறுத்தினதும் தப்பு. என்னை மன்னிச்சிருப்பா" என்றேன். சொல்லுவதற்குள் தொண்டை அடைத்தது. அவன் தூக்கக் கண்ணோடு என்னைப் பார்த்து, "பரவால்லப்பா" என்றான். பிறகு மெதுவாக, "கடைசிப் பக்கம் மட்டும் கிடைக்கலப்பா" என்றான். அந்தக் கடைசிப் பக்கம் எனக்குத் தெரியும். லக்கி லூக் தன் குதிரையில் ஏறி, சூரியன் அஸ்தமிக்கிற திசையைப் பார்த்துப் பாடிக்கொண்டே போவான். எனக்கோ முந்தின நாள் சூரியன் அஸ்தமித்து, மறுநாள் விடிந்தும்போயிருந்தது. ஆனாலும் கிருபை வாசலில் காத்திருந்தது.

திங்கட்கிழமை ஆலையில் அந்த அம்மாவைத் தேடிப்போனேன். சில வருஷம் பழைய கடன்! "நான் அதை எப்பவோ மறந்துட்டேன் ஐயா" என்றார்கள். நான்தான் மறக்கவில்லை, சுமந்துகொண்டே இருந்தேன். அன்றுமுதல் எனக்குக் கோபமே வருவதில்லை என்று பொய் சொல்லமாட்டேன். வருகிறது. ஆனால் ராத்திரி வீட்டில் தங்குவதில்லை. ஸ்தோத்திரம்!

சிந்திக்க (வீட்டு ஜெபக்கூட்டங்களில் கலந்துபேசலாம்)

1. எந்தப் பெயரைக் கேட்டால் எனக்குள் அனல் ஏறுகிறது? ஏன்?

2. என் கோபத்துக்கு வழக்கமாக அகப்படுகிற "ஆவ்ரெல்" என் வீட்டில் யார்?

3. நான் இதுவரை தோண்டின சுரங்கங்கள் எவை? மன்னிப்புக் கேட்கவேண்டியவர் யார்? இன்று சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னே போவேனா?

ஜெபம்

அன்புள்ள பரலோகப் பிதாவே, என் கோபத்தினால் நடுங்கின கைகளுக்காகவும், அழாமல் விழித்து நின்ற கண்களுக்காகவும் என்னை மன்னியும். என் பலத்தினால் நான் தப்பமுடியவில்லை. நீரே என்னை விடுவியும். நான் காயப்படுத்தினவர்களிடத்தில் போகத்தக்க தாழ்மையைத் தாரும். எனக்குள் இருக்கும் அனலை உம்முடைய ஊழியத்துக்கு வைராக்கியமாய் மாற்றும். எங்கள் ஆலைகளில் வேலை செய்கிற ஒவ்வொருவரையும் உமது கரத்துக்குள் மறைத்துக் காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறேன், நல்ல பிதாவே. ஆமென்.